பெட்டிக்குத் திரும்பிய கையுறை

1

இந்தக் கதை எனக்கு ஓர் ஆஸ்பத்திரியில் கிடைத்தது. முழங்கால் வலிக்குப் பயிற்சி செய்ய வந்து காத்திருந்தேன். எதிர் நாற்காலியில் இருந்தவரின் வலது கையில் ஒரு கறுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கவாதத்தில் ஓய்ந்துபோன கை.

"விரலைத் தூக்கணும்னு நினைங்க சார், போதும்" என்றார் கையுறையைக் கொண்டுவந்திருந்த கம்பெனிக்காரர்.

அவர் நினைத்தார். ஆள்காட்டி விரல் எழுந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அந்த விரலையே பார்த்தோம். என் முழங்காலை நானே மறந்துவிட்டேன்.

பிறகு கம்பெனிக்காரர் கையுறையைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினார். நோயாளியின் பின்னால் நின்ற மகள் கம்பெனிக்காரரிடம் ஏதோ கேட்டாள். பதில் என் காதில் விழவில்லை. அண்ணனிடம் திரும்பி அவள் சொன்னது மட்டும் விழுந்தது: "நான் பிசினஸ் படிக்கப் போறேன்."

விரல் எழுந்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வீடு வந்து சேரும்வரை மண்டையைக் குடைந்தது. அதைக் கண்டுபிடிக்கத்தான் எழுதுகிறேன். இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: 'சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இயந்திரம் என்றால் உயிர். மின்விசிறியைக் கழற்றிப் போட்டு—'

சரிவராது. மின்விசிறியைக் கழற்றியவள் எதற்குப் பிசினஸ் படிக்கிறாள்?

இரண்டாவது: 'கணக்கு வராததால் வேறு வழியில்லாமல் அவள்—'

இதை எழுதியதும் அவள் என்னை முறைத்தாள். (கதையில் வருபவர்கள் முறைப்பார்களா என்று கேட்காதீர்கள். இவள் முறைப்பாள்.) பொறியியல் கல்லூரியிலும் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அப்பாவிடமிருந்து தொடங்குகிறேன்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உச்சியில், கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, ஒரு சின்ன லீவரை விரலால் அசைத்து, வீட்டளவு இரும்புப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து பூப்போல இறக்குவார்.* சிறுமியாகக் கீழே நின்று பார்த்த மகளுக்கு அன்று கழுத்து வலித்ததுகூடத் தெரியவில்லை. அந்த விரல்தான் இப்போது சட்டைப் பொத்தானைக்கூட—

(முடிக்க மனம் வரவில்லை. உங்களுக்கே புரியும்.)

* 'பூப்போல' என்பது தேய்ந்துபோன உவமைதான். அவள் அன்று அப்படித்தான் சொன்னாள் என்பதால் விட்டுவைத்தேன்.

3

என் காதில் விழாத பேச்சை இப்படி எழுதிப் பார்க்கிறேன்.

"சார், இது நல்லா வேலை செய்யுதே. அப்புறம் ஏன் எடுத்துட்டுப் போறீங்க?"

"காட்டத்தான் கொண்டுவந்தோம்மா. இந்தப் பக்கம் இன்னும் விக்க ஆரம்பிக்கல."

"ஏன்?"

"மெஷின்ல ஒரு குறையும் இல்லம்மா. ஆஸ்பத்திரி வாங்குமா, இன்சூரன்ஸ்காரங்க ஒத்துக்குவாங்களா, வீட்டுக்கு வாடகைக்கு விடலாமா, யாரு பழக்கித் தர்றது, ரிப்பேர் ஆனா யாரு வர்றது... இதுக்கெல்லாம் இன்னும் ஒரு வழி பிறக்கல."

அவள் திகைத்து நின்றாள். மூளையிலிருந்து கிளம்பும் சேதி முன்கைவரை வந்து தேய்ந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் அந்த முணுமுணுப்பைத் தோலின்மேல் ஒட்டிய பட்டைகள் கேட்டுக் கையுறைக்குச் சொல்கின்றன, கையுறை விரலைத் தூக்குகிறது. அப்பா நினைத்ததை ஒரு துணி கேட்டிருக்கிறது! மனிதர்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள். வந்த பிறகு, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள சாதாரணத் தெருவைத் தாண்டத் தெரியாமல் நிற்கிறார்கள்.

இதை எழுதும்போது எனக்கே மெய்சிலிர்த்தது. முதல் அதிசயத்துக்கா இரண்டாவதற்கா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

4

வீட்டில் அண்ணன் பிடித்துக்கொண்டான்.

"பிசினஸ் படிச்சு? கோட்டு மாட்டிக்கிட்டு சோப்பு விக்கப் போறியா?"

"புதுசு புதுசா வர்ற டெக்னாலஜியைப் பத்திப் படிக்கப் போறேன்."

"அதுக்கு இன்ஜினியரிங்ல சேரணும், லூசு. சமையல் கத்துக்கணும்னா எவனாவது ஓட்டல் கல்லாவுல போய் உட்காருவானா?"

(நானும் அண்ணன் கட்சிதான். அவளுக்குப் பதில் எழுதித் தர முடியாமல் திணறினேன். அவளே பேசிவிட்டாள்.)

"சமையல் முடிஞ்சுபோச்சுண்ணா. சாப்பாடு அடுக்களையிலேயே ஆறுது. அப்பா பசியோட உட்கார்ந்திருக்காரு. எது யாருக்குப் போய்ச் சேரும், யாருக்குக் கிடைக்காமப் போகும், எப்படிச் சேர்க்கிறதுன்னு ஒரு படிப்பாவே வச்சிருக்காங்க. ரோபோ, ஏஐ எல்லாம் அதுல வருது."

அப்பா மெல்ல வாயைத் திறந்தார். சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. "செஞ்சவன்தான்... பெரியவன்."

"ஆமாப்பா. ஆனா உங்க கிரேனைச் செஞ்சவரு நம்ம துறைமுகத்தைப் பார்த்திருக்கவே மாட்டாரு. இங்க இது வேணும்னு ஒருத்தர் சொல்லி, எங்க நிறுத்தணும், யாரு ஓட்டணும்னு முடிவு பண்ணி, உங்களுக்குப் பழக்கியும் விட்டாங்க. அதனாலதானே நீங்க மேல ஏறினீங்க?"

அப்பா ஜன்னலுக்கு வெளியே அண்ணாந்து பார்த்தார். அங்கே கிரேன் எதுவும் இல்லை.

5

முடிவு அ: பட்டம் பெற்று அவள் அதே பெட்டியோடு அதே கூடத்துக்குள் நுழைகிறாள். எல்லோரும் எழுந்து—

(எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்து அடித்துவிட்டேன். நாள் போகப் போகக் கை இறுகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவள் படித்து முடிக்கும்வரை அது காத்திருக்குமா? அவளுக்கும் அந்தப் பயம்தான். அப்பாவுக்காகப் படிக்கப் போய், அப்பாவுக்கு மட்டும் உதவாமல் போய்விடுமோ என்ற பயம்.)

முடிவு ஆ: அப்பா சொல்லைத் தட்டாமல் பொறியியல் படித்து, இதைவிட அருமையான ஒரு கையுறையை அவள் கண்டுபிடிக்கிறாள். அதையும் பெட்டியில் வைத்து மூடி—

போதும்.

6

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கக் கடைசி நாள். இரண்டு கல்லூரிகளும் அவள் போனில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஒன்றை அழுத்தினால் மற்றது போய்விடும்.

"குடு" என்றார் அப்பா.

போனை அவர் முன்னால் மேசையில் வைத்தாள். அப்பா எதை அழுத்தினாலும் மறுபேச்சு பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

அப்பா இடது கையால் வலது கையைத் தூக்கி வந்து போனுக்குப் பக்கத்தில் கிடத்தினார். நகர்த்தி நகர்த்தி, ஆள்காட்டி விரலைப் பிசினஸ் கல்லூரியின் பெயர்மேல் கொண்டுவந்து வைத்தார். பிறகு இடது கையை மடிக்கு எடுத்துக்கொண்டார்.

சும்மா படிந்து கிடக்கும் விரலைப் போன் அழுத்தியதாக எடுத்துக்கொள்ளாது. ஒருமுறை எழுந்து தொட வேண்டும்.

"நான் அழுத்தட்டுமாப்பா?" அண்ணன் கை நீட்டினான்.

"தொடாதேண்ணா."

"நீ படிச்சிட்டு... வா" என்றார் அப்பா, விரலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுவரைக்கும் இது... எழுந்திருக்க மறக்காம இருக்கணும்ல?"

அவர் நினைக்கத் தொடங்கினார். கையுறை இல்லை. நெற்றி நரம்பு புடைத்தது.

விரல் எழுந்ததா என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால், இரண்டில் எதுவானாலும், நான் நினைத்ததாகத்தான் இருக்கும். நினைத்துக்கொண்டிருப்பவர் அவர். அவரை முந்திக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

நீங்கள் இப்போது பக்கத்தைத் திருப்ப விரலைத் தூக்குவீர்கள். எழுந்ததும் அப்படியே ஒரு நிமிடம் நிறுத்தி அதைப் பாருங்கள். பார்த்துவிட்டு, அந்த மேசைமேல் என்ன நடந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.