மூன்றுக்கும் தடித்த கொழுப்பு உண்டு

1

இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது. ஆறாம் வகுப்பு அறிவியலுக்குக் கைடு எழுதுகிறவன் நான். துருவக்கரடி, கடல் நீர்நாய், மேனாட்டி* இவை குளிரை எப்படி எதிர்கொள்கின்றன என்ற கேள்விக்கு, 'மூன்றுக்கும் தோலுக்கடியில் தடித்த கொழுப்பு உண்டு' என்று ஒரே வரியில் விடை எழுதினேன். எனக்குத் தெரிந்தது கரடி மட்டும். மற்ற இரண்டையும் தேடிப் பார்க்கச் சோம்பல்.

(*நம் கடற்பசுவுக்குத் தூரத்துச் சொந்தம். வெதுவெதுப்பான தண்ணீரில்தான் வாழும், குளிரைத் தாங்கவே தாங்காது. அதைக்கூடப் பார்க்கவில்லை, சே!)

2

முதல் தொடக்கம்: 'பருத்திப்பட்டு ஏரியில் மழை பிடித்துக்கொண்ட...' வேண்டாம். மழையைக் காட்டி நழுவப் பார்க்கிறேன்.

இரண்டாவது: 'ஜுபைதா என்ற பெண் கோபமாக வந்து...' பொய். அவர் கோபப்படவே இல்லை. காட்டுப்பாக்கத்தில் என் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்து, மகள் அதீபாவோடு வந்து விடைத்தாளை நீட்டினார்.

"கடல் நீர்நாய்க்குக் கொழுப்பு கெடையாதுன்னு எழுதிக்கீறா சார். கைடுல வேற மாதிரி கீதுன்னு டீச்சர் தப்பு போட்டாங்க. கைடு எழுதுனவரே சொன்னா மார்க் போடுறாங்களாம். ஒரு வரி எழுதிக் குடுங்க சார்."

அதீபா எழுதியிருந்தது: 'அதற்குக் கொழுப்பு இல்லை. நெருக்கமான முடிக்குள் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முடி அழுக்கானால் குளிர் உள்ளே வந்துவிடும். அதனால் எந்நேரமும் முடியைக் கோதிக்கொண்டே இருக்கும்.'

3

இங்கே எத்திராஜ் என்ற கதாபாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. எத்திராஜ் நான்தான். தண்ணீர் கொண்டுவருவதுபோல உள்ளே போய் போனில் பார்த்தேன். பிள்ளை எழுதியதுதான் சரி. வெளியே வந்து சொன்னேன்:

"பரீட்சையில புக்குல இருக்கிறதத்தாம்மா எழுதணும்."

"புக்கே தப்பா இருந்தா, சார்?" என்றாள் அதீபா.

'நல்ல கேள்வி என்று சிரித்தேன்' என எழுதி அடித்துவிட்டேன். நான் சிரிக்கவில்லை. வேலை இருக்கிறது என்று அவர்களை அனுப்பிவைத்தேன்.

"ஒரு வரி எழுதிக் குடுத்தா கை தேஞ்சா பூடும்?" என்று கேட்டாள் என் மனைவி சுதா. அவள் அன்று என்னோடு பேசியது அவ்வளவுதான்.

4

முடிவு அ: மறுநாளே பூந்தமல்லியில் இருக்கும் அதீபாவின் பள்ளிக்கூடத்துக்குப் போய், தப்பு என்னுடையது என்று டீச்சரிடம் சொல்கிறேன். (ஷேர் ஆட்டோவில் பாதி வழி, குமணன்சாவடி வரை போனேன். இறங்கித் திரும்பிவிட்டேன்.)

முடிவு ஆ: பதிப்பகத்துக்குத் திருத்தம் அனுப்புகிறேன். இது நடந்தது. புதிய பதிப்பில் விடை சரியாக இருக்கிறது. ஆனால் கடல் நீர்நாய் பற்றிய வரிகள் என்னுடையவை அல்ல. எத்தனை தடவை எழுதிப் பார்த்தும் அந்தப் பிள்ளை எழுதியதுபோல எனக்கு வரவில்லை. அவள் வரிகளையே அப்படியே போட்டுவிட்டேன். அட்டையில் என் பெயர். அவளுக்கு அந்த மார்க் இன்னும் வரவில்லை.

முடிவு இ: அவள் தம்பி சமீர் இந்த வருஷம் ஆறாம் வகுப்பு. அதே டீச்சர், அதே கைடின் புதிய பதிப்பு. ஒருநாள் தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அவள் தன் வரிகள் இருக்கும் அந்தப் பக்கத்தைத் திறப்பாள். திறந்ததும் என்ன சொல்வாள் என்று மூன்று விதமாக எழுதி, மூன்றையும் கிழித்துப் போட்டேன். நீங்கள் வேண்டுமானால் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவள் பதிலை இன்னொரு தடவை நான் எழுதக் கூடாது.