ஹெல்மெட் போட்ட ஈஸ்டர் ஆடு

புனித நிக்கோலஸ் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

கிரேக்கத் தீவு ஒன்றின் பளிங்குக் குவாரியில் கல் அறுக்கும் பந்தாசிஸுக்கு ஹெல்மெட் போட்டாலே தலை கொதிக்கும். அதைக் கவிழ்த்து அதில் தக்காளி கழுவுவான்; ஒருமுறை நண்டு பிடித்துப் போட்டு வந்தான். ஏதென்ஸ் தலைமையகம் சும்மா இருக்குமா? ஒவ்வொரு ஹெல்மெட்டுக்குள்ளும் அசைவைக் கண்டுபிடிக்கும் சென்சார் ஒன்றை ஒட்டிவிட்டது. ஹெல்மெட் பத்து நிமிடம் அசையாமல் கிடந்தால், யாரும் அதைப் போடவில்லை என்று ஏதென்ஸில் சிவப்பு விளக்கு எரியும். பந்தாசிஸுக்கு இரண்டு முறை எரிந்துவிட்டது. மூன்றாவது எரிந்தால் வேலை போய்விடும்.

ஈஸ்டர் ஞாயிறன்று, குழியில் தண்ணீர் ஏறாமல் பம்பைப் பார்த்துக்கொள்ள அவனுக்கும் கூட வேலை செய்யும் சன்னிஸுக்கும் காவல். ஈஸ்டரில் ஆடு சுடாமல் காவல் இருக்க முடியுமா? முழு ஆட்டைக் கம்பியில் கோத்து, சுற்றுவதற்கு ஒரு மோட்டாரை மாட்டிக் கனல்மேல் ஏற்றினார்கள். தலை மட்டும் கனலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது மறுநாள் சூப்புக்கு.

"டேய், ஹெல்மெட்ட மாட்டுடா. ஒம்பது நிமிஷம் ஆச்சு" என்றான் சன்னிஸ்.

"இந்த அனல்ல எவன்டா மாட்டுவான்? அந்தா, அவன் மாட்டிக்குவான்."

பந்தாசிஸ் ஆட்டின் தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வாரை இறுக்கினான். "பாத்தியா, என் மண்டைக்குக்கூட இவ்ளோ கச்சிதமா இருந்ததில்ல."

நான்கு மணி நேரம் கழித்து போன் அடித்தது. ஏதென்ஸிலிருந்து பாதுகாப்பு அதிகாரி எவாந்தியா.

"பந்தாசிஸ், உங்க தலை காலைலேருந்து முழு வட்டமா சுத்துதே! நிமிஷத்துக்கு எட்டு தடவ. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"லேசா கழுத்து வலி, மேடம்."

"அசையாதீங்க! டாக்டரோட வர்றேன்."

கம்பியை நிறுத்தினால் சிவப்பு விளக்கு, நிறுத்தாவிட்டால் டாக்டர். பந்தாசிஸ் யோசித்துப் பார்த்தான். நிறுத்தினால் ஆடும் ஒரு பக்கம் கருகும். அதனால் நிறுத்தவில்லை.

ஹெலிகாப்டர் இறங்கியது. டாக்டர் பெட்டியோடு ஓடிவந்து, சுழலும் ஹெல்மெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நோயாளி பிழைக்க மாட்டாரு. ஆனா இன்னும் அரை மணி நேரம் சுத்தணும்" என்றார்.

எவாந்தியா பேனாவை எடுத்தாள். "பந்தாசிஸ், இது மூணாவது தடவ."

"சிவப்பு எரிஞ்சுதா மேடம்?"

"எரியல."

"அப்ப நடந்ததையே எழுதிடுங்க. ஈஸ்டரும் அதுவுமா ஹெலிகாப்டர் எடுத்துட்டு வந்து, ஒரு ஆட்டுக்குக் கழுத்து வைத்தியம் பாத்தோம்னு."

எவாந்தியாவின் பேனா நின்றது. சன்னிஸ் கொழுப்பு சொட்டும் விலாத் துண்டு ஒன்றை அவள் முன் வைத்தான். அதை மென்றபடியே அவள் எழுதி முடித்தாள்: 'ஹெல்மெட் காலை முதல் தலையிலேயே இருந்தது. வாரும் முறையாக இறுக்கப்பட்டிருந்தது. நடவடிக்கை தேவையில்லை.'

பந்தாசிஸ் இன்றும் அதே குவாரியில்தான் கல் அறுக்கிறான்.

அந்த ஈஸ்டர் ஞாயிறன்று விடிந்தது முதல் இருட்டும்வரை கொட்டிய மழையில், தீவில் ஒருவரும் வெளியே அடுப்பு மூட்டவில்லை என்பதை மட்டும் புனித நிக்கோலஸிடம் சொல்லிவிடாதீர்கள்.