இரண்டு அங்குல இடைவெளி

என் மனைவியை ஐந்து துண்டுகளாக்கி, குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் மாமனார் கொண்டுவந்தார்.

அவளுடைய புகைப்படத்தைச் சொல்கிறேன். அவள் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. இத்தனை நாளாக என் வீட்டுச் சுவரில் அவள் படம் ஒன்றுகூட இல்லை என்பது உறவினர்களுக்கு ஒரு குறை. குறையைத் தீர்ப்பது என்று முடிவெடுத்துவிட்டால் சின்னதாகத் தீர்க்கும் வழக்கம் அவள் குடும்பத்தில் கிடையாது. ஒவ்வொரு துண்டும் ஓர் அடி அகலம், மூன்றடி உயரம். வரிசையாக மாட்டினால் ஒரே படம்.

இப்படி ஐந்து துண்டாகப் படம் போடும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். சூரியன் மறைவதை வெட்டுவார்கள். ஓடும் குதிரைகளை வெட்டுவார்கள். மனித முகத்தை வெட்டலாமா என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பளபளப்பு வேண்டுமா வேண்டாமா என்று மட்டும்தான் கேட்டாராம். படத்தைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. மாமா அனுப்பிய நாற்பது படங்களில் இது ஒன்றில்தான் போதுமான பிக்சல் இருந்ததாம். சமையலறையில் எப்போதோ நான் போனில் எடுத்தது.

நடுத்துண்டில் இரண்டு கண், மூக்கு, வாய். அதற்கு இரு பக்கமும் உள்ள துண்டுகளில் ஒரு கன்னம், ஒரு காது. இடது ஓரத் துண்டில் ஜன்னல் திரை. வலது ஓரத் துண்டில் ஃபிரிட்ஜ். அவள் இல்லாத அந்த இரண்டும்தான் மிகத் தெளிவாக அச்சாகியிருந்தன.

மாடிப்படியில் தூக்கிக்கொண்டு வரும்போது மாமா நின்றார். கூட வந்த அத்தை முன்னால் ஏறிப் போய்விட்டிருந்தார்.

"மாப்பிள்ளை, ஒரு விஷயம். அவளுக்கு முகம் மறந்துபோச்சாம்."

"யார் முகம்?"

"எம் முகமா மறக்கும்? முப்பத்தஞ்சு வருஷமா மறக்கணும்னு பாக்குறா, முடியல." அவர் மூச்சு வாங்கினார். "பாப்பா முகம். ஆல்பத்தைத் தொறந்தா இருக்காளாம். கண்ணை மூடினா வேற யாரோ வராங்களாம். ராத்திரி எழுந்து உக்காந்துக்குறா. பெருசா ஒரு தடவ பாத்துட்டா உள்ள நின்னுடும்னு நம்பிக்கிட்டு இருக்கா."

"உங்க வீட்டுல மாட்டலாமே மாமா."

"எங்க வீட்டுல ஏது இவ்ளோ நீளச் சுவரு?"

நியாயம்தான். அவர்கள் வாரம் ஒருமுறை வந்து பார்ப்பார்கள். மற்ற ஆறு நாளும் அதன் எதிரில் யார் உட்கார்ந்திருப்பார் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

மாமா நில அளவைத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் எத்தனை அங்குலத்துக்காகப் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள் என்று துல்லியமாகத் தெரிந்தவர். சொந்த ரசமட்டம், சொந்த நூல், சொந்த டிரில்லிங் மெஷின் எல்லாம் கொண்டுவந்திருந்தார். நான் ஸ்டூல் மட்டும் கொடுத்தேன்.

அத்தை சோபாவை இழுத்து எதிர்ச் சுவரோரம் போடச் சொன்னார். அதில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்து, தரையைப் பார்த்தார்.

"முடிஞ்சதும் சொல்லுங்க. அதுவரைக்கும் பாக்க மாட்டேன்."

மாமா நூல் பிடித்தார். ரசமட்டம் வைத்தார். குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவே வந்து நின்றது. கடைக்காரர் கொடுத்த தாளில் துண்டுக்குத் துண்டு இரண்டு அங்குலம் விட வேண்டும் என்று இருந்தது. அந்தக் கணக்குப்படி ஐந்து துளைகளை ஒரே நேர்கோட்டில் போட்டார். ஐந்து துண்டுகளையும் மாட்டினோம்.

படிக்கட்டு மாதிரி நின்றது.

"சுவர் சரியில்ல மாப்பிள்ளை."

"சுவர் என்ன செஞ்சுது மாமா?"

"கட்டினவன் சரியில்ல."

ஒரு துண்டைக் கழற்றித் திருப்பினேன். பின்னால் இருந்த கொக்கி மேல் விளிம்பிலிருந்து நான்கு சென்டிமீட்டர் கீழே இருந்தது. அடுத்ததில் ஐந்தரை. அதற்கடுத்ததில் மூன்று. கொக்கி அடித்தவருக்கு ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு கருத்து. துளைகள் நேராக இருந்ததால்தான் படம் கோணலாக இருந்தது. கட்டினவன் தப்பித்தான்.

அதற்குள் அத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

"யாரு இது?"



"இன்னும் முடியலடி," என்றார் மாமா. "மேல கீழ இருக்கு. சரி பண்ணணும்."

"மேல கீழ இருக்கறதைச் சொல்லல. முகம் இவ்ளோ அகலமா? எம் பொண்ணுக்கு ஒடுக்கமான முகம். இது யாரோ பெரிய இடத்துச் சம்பந்தியம்மா மாதிரி இருக்கு."

ஐந்தையும் இறக்கித் தரையில் அடுக்கினோம். அத்தை குனிந்து, இடைவெளியே இல்லாமல் ஒட்டி நகர்த்தினார்.

"இப்படி."

"இப்ப பத்து நாள் பட்டினி கெடந்தவ மாதிரி இருக்கா," என்றார் மாமா. "ரெண்டு இஞ்சுன்னு தாள்ல போட்டிருக்கு."

"தாளா அவளைப் பெத்துச்சு?"

"பெத்தவளுக்குத்தான் முகம் மறந்…" மாமா பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசியைச் சொல்லிவிட்டிருந்தார்.

அத்தை அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை. தெனமும் பாத்தவர் நீங்கதானே. எது சரி?"

மூன்று வருடம் நான்கு மாதம் பார்த்த முகம். துண்டுகளை விலக்கி வைத்துப் பார்த்தேன். சேர்த்து வைத்துப் பார்த்தேன். விலக்கினால் அவள் மாதிரி இருந்தது. சேர்த்தாலும் அவள் மாதிரி இருந்தது. மாதிரிக்கு மேல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அத்தையிடம் அதைச் சொல்லியிருக்கலாம். அவருக்குத் துணைக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

நான் புள்ளியியல் படித்தவன். தெரியாத இடத்தில் கணக்குப் போடுவதற்குத்தான் எனக்குப் பட்டம் கொடுத்தார்கள். படுக்கையறைக்குப் போய் அவள் மூக்குக்கண்ணாடியை எடுத்துவந்தேன். படத்திலும் அதே கண்ணாடிதான். டேப்பில் அளந்தேன். நிஜக் கண்ணாடி பதின்மூன்று சென்டிமீட்டர் அகலம், நான்கு உயரம். படத்தில் உயரம் பதினாறு. நான்கு மடங்கு. அப்படியானால் அகலம் ஐம்பத்திரண்டு இருக்க வேண்டும். துண்டுகளை ஒட்டி வைத்தபோது நாற்பத்தாறுதான் இருந்தது. குறைந்தது ஆறு. கண்ணாடியை இரண்டு இடைவெளிகள் வெட்டுகின்றன. ஆளுக்கு மூன்று.

"மூணு சென்டிமீட்டர்," என்றேன். "வெட்டும்போது இடைவெளிக்காக அவ்வளவு படத்தை எடுத்துட்டாங்க. தாளை வேற ஏதோ படத்தோட தாள்ல இருந்து அப்படியே போட்டிருக்காங்க."

குதிரைகளுக்கான தாளாக இருக்கும். அவள் இரண்டு கண்களின் ஓரமும் கடைக்காரருடைய கம்ப்யூட்டரில் எங்கேயோ மிச்சமாகக் கிடக்கும்.

மாமாவுக்கு அந்த முறை மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "இதத்தான் மாப்பிள்ளை, நாங்க எல்லைக்கல்லுன்னு சொல்லுவோம். அது ஒண்ணு கெடச்சிட்டா போதும், மொத்த நெலத்தையும் புடிச்சிடலாம்."

எல்லைக்கல்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தோம். மேல் விளிம்புகள் வர வேண்டிய உயரத்தில் சுவரின் நீளத்துக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டினோம். ஒவ்வொரு துண்டுக்கும் அதனதன் கொக்கி எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு கீழே குறித்தோம். பார்சல் அட்டையில் மூன்று சென்டிமீட்டர் பட்டை ஒன்று வெட்டி, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே வைத்துப் பார்த்துக்கொண்டோம். நடுத்துண்டை முதலில் மாட்டி, அங்கிருந்து இரண்டு பக்கமும் போனோம். பழைய துளைகள் எல்லாம் படத்துக்குப் பின்னால் போய்விட்டன. டேப்பை உரித்தோம். ஐந்து மேல் விளிம்பும் ஒரே கோடு. மாமா ஒவ்வொன்றாக ரசமட்டம் வைத்தார். குமிழி அசையவில்லை. இந்த வீட்டில் இவ்வளவு சரியாக எதுவும் இதற்கு முன் மாட்டப்பட்டதில்லை.

"இப்ப பாரு," என்றார் மாமா.

அத்தை பார்த்தார். வெளியே யாரோ வண்டியை ஸ்டார்ட் பண்ணி, அது நின்று, மறுபடி ஸ்டார்ட் பண்ணினார்கள்.

"சரியாத்தான் இருக்கு," என்றார் அத்தை. துணிக்கடையில் பிடிக்காத புடவையைத் திருப்பிக் கொடுக்கும் குரல். "அளவெல்லாம் சரி. ரெண்டு பேருக்கும் ரொம்ப சிரமம்."

"அப்புறம் என்ன?"

கண்களை மூடித் திறந்தார். "வரல."

மாமாவுக்கு அதற்கு மருந்து தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். மறுபடி ஸ்டூலில் ஏறினார். விளிம்புகளை விட்டுவிட்டு, படத்துக்குள்ளேயே, அவள் மூக்குக்கண்ணாடியின் மேல் வரியில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஓடிப்போய் வலது கோடியில் ஒட்டிக்கொண்டது.

"மாப்பிள்ளை. மட்டமில்ல."

"விளிம்பு மட்டமா இருக்கே மாமா."

"பாப்பா மட்டமில்ல. இடது பக்கம் எறங்கியிருக்கா." ஸ்டூலை நகர்த்திப் போட்டு ஃபிரிட்ஜின் மேல் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. "ஃபிரிட்ஜ் மட்டமா இருக்கு. அப்ப அந்தக் காது இருக்கற துண்டத்தான் ஒரு இஞ்சு ஏத்தணும். அதுதான் உறுத்துது இவளுக்கு."

காதை ஏற்றினால் கன்னம் என்ன ஆகும் என்று நான் கேட்பதற்குள் அவர் துண்டில் கைவைத்துவிட்டார்.

"தொடாதீங்க," என்றார் அத்தை.

எழுந்து வந்து படத்துக்குக் கிட்டே நின்றார். அவர் தலை அவள் தாடை உயரத்துக்கு வந்தது.

"தலையைச் சாச்சிருக்கா."

"அதத்தானே நானும் சொல்றேன், மட்டமில்லன்னு…"

"உங்க மட்டத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க. பொய் சொல்றா இவ." அத்தையின் குரல் மாறியிருந்தது. "பரீட்சை எப்படிடி எழுதினேன்னு கேட்டா இப்படித்தான் நிப்பா. வலது காது தோளுக்குப் போகும். 'நல்லா எழுதியிருக்கேம்மா.' வாய் மட்டும் நம்மளப் பாத்துச் சிரிக்கும். சின்ன வயசுலேர்ந்து இதே சாய்ப்பு. கழுத வயசாகியும் மாத்திக்கல பாருங்க."

கண்களை மூடினார். மாமா ஸ்டூலிலேயே நின்றார். நான் கையிலிருந்த அட்டைப் பட்டையை மடக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

"இருக்கா," என்றார், மூடிய கண்களோடு. "நின்னுக்கிட்டு புளுகுறா."

மாமா மெதுவாக இறங்கி ஸ்டூலில் உட்கார்ந்து, ரசமட்டத்தைச் சட்டை நுனியால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"உங்ககிட்ட என்ன பொய் சொல்லிக்கிட்டு இருந்தா?" என்று அத்தை கேட்டார். "படம் புடிச்சது நீங்கதானே."

யோசித்தேன். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "காபி போட்டுக் கொடுத்தேன். எப்படி இருக்குன்னு கேட்டேன். சூப்பர்னு சொன்னா. பாக்க நல்லா இருந்தா, எடுத்தேன்."

அத்தை சிரிக்க ஆரம்பித்தார். பதினான்கு மாதத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு, என் காபியைப் பற்றியது.

"ஜன்னல்ல ஒரு தொட்டிச் செடி இருந்துச்சே, அது எப்படிச் செத்துச்சுன்னு நினைச்சீங்க?"

"வெயில் போதலன்னு சொன்னா."

"எப்படி நின்னுக்கிட்டு சொன்னா?"

மாமாவும் சிரித்தார். நான் காபி போடட்டுமா என்று கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். அத்தையே சமையலறைக்குப் போனார். மாமா துடைப்பம் தேடிச் சுவர்த் தூளைக் கூட்டினார்.

நான் சோபாவில் உட்கார்ந்தேன். எதிரே அவள், நான்கு மடங்கு அளவில், என் காபியைப் பாராட்டிக்கொண்டிருந்தாள். கணக்குப் போட்டபோது வராதவள் இப்போது வரிசையாக வந்தாள். இந்த வீடு பிடிச்சிருக்கு. காது தோளில். உங்க அம்மா எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. காது தோளில். ஊதா சட்டை உனக்கு எடுப்பா இருக்கு. இப்போதும் அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தேன். ஒன்றையும் நான் தவறவிடவில்லை. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். அழகு என்று நினைத்திருக்கிறேன்.

ஒன்றைத் தவிர. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். போயிடுச்சு, நீ கெளம்பு என்றாள். தலை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது.

மாமா டிரில்லிங் மெஷினைப் பெட்டியில் வைத்து மூடினார். ஐந்து துண்டுகளையும் தள்ளி நின்று ஒருமுறை பார்த்தார்.

"அடுத்த வாரம் வந்து ஒரு தடவ மட்டம் பாத்துடறேன் மாப்பிள்ளை. புது ஸ்குரூ கொஞ்சம் எறங்கும்."

அந்த ஸ்குரூவில் என்னைத் தொங்கவிட்டாலும் இறங்காது. அவருக்கும் அது தெரியும்.

"வாங்க மாமா," என்றேன். "எறங்கினாலும் எறங்கும்."