கடைசிப் பத்து அடி

பாங் அண்ணன் மூன்றாவது தடவையும் முதல் வரியிலிருந்தே ஆரம்பித்தார். குவோ டீச்சர் கையை உயர்த்தி, எந்த ஆற்றில் வேலை என்று மட்டும்தான் ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். பாங் அண்ணன் கண்களை இறுக மூடிக்கொண்டு, "வணக்கம் ஐயா, என் பெயர் பாங் தெகுவாங்" என்று மறுபடி தொடங்கி, கேள்வி வந்த இடத்தைத் தாண்டி, கடைசி வரிவரை ஒப்பித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார். வகுப்பே சிரித்தது. என்னால் முடியவில்லை. அந்த இருபத்திரண்டு வரிகளையும் எழுதிக் கொடுத்தவள் நான்.

எங்கள் மாலை ஆங்கில வகுப்பில் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் எனக்கு, பாலக் கம்பெனியில் பைல், அதாவது ஆற்றுக்கடியில் இரும்புத் தூண், அடித்து இறக்கும் பாங் அண்ணன் ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சொல். எங்களுக்கு 'டிரைவிங்' வந்தது. நான் நோட்டில் கோடு போட்டு எண் கொடுத்து எழுதினேன். ஒன்று, வண்டி ஓட்டுவது. இரண்டு, மாட்டை விரட்டிப் போவது. மூன்று, ஆணியையோ தூணையோ அடித்து இறக்குவது. நான்கு, சாய்ந்து வந்து அறைகிற மழை. ஐந்து, ஒரு மனிதனை உள்ளிருந்து தள்ளுவது. எங்கள் சீனத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் உண்டு, ஒன்றுக்கொன்று தூரத்து உறவுகூடக் கிடையாது. இவ்வளவும் எப்படி ஒரே சொல்லுக்குள் இருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை. புரியாமலேயே வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து ஐந்தையும் ஒரு கட்டுரையாகக் கோத்தேன். பாங் அண்ணன் தினமும் விடியலில் ஆற்றங்கரையில் நின்று, தண்ணீரைப் பார்த்து அதைக் கத்திக் கத்தி மனப்பாடம் செய்தார். இங்கே ஆங்கிலம் படிக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஓர் எழுத்து பிசகவில்லை. யாராவது நடுவில் கேள்வி கேட்டால் மட்டும் மறுபடி முதல் வரி.

சனிக்கிழமை அவருக்கு ஆங்கிலத்தில் நேர்முகத் தேர்வு, அங்கே ஒப்பிக்கத்தான் அந்தக் கட்டுரை. தென்கடல் தீவு ஒன்றில் அவர் கம்பெனி பாலம் கட்டப் போகிறது. அங்கே மேற்பார்வை செய்யப்போகிற வெளிநாட்டுப் பொறியாளர் வந்திருந்தார். வேலைக்கு நடுவே கேட்டால் பதில் சொல்லத் தெரியாத ஆளைச் சம்மட்டி இயந்திரத்தின் பக்கமே விடமாட்டார்களாம். பாங் அண்ணன் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தார். இந்த முறையும் தவறினால் அவரைவிடப் பத்து வயது இளையவர் போய்விடுவார். பதினெட்டு வருஷமாக யாங்சி ஆற்றில் தூண் இறக்குகிறவர், கடலைப் பார்த்ததே இல்லை.

வகுப்பு முடிந்து கீழே நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தோம். எள் விழுதைக் கிளறிக்கொண்டே, "உங்க எழுத்துல ஒரு தப்பும் இல்ல, சின்ன டீச்சர். நான்தான் மண்டு. நடுவுல கேட்டா வண்டி தானா ரிவர்ஸ்ல போயிடுது" என்றார்.

"மண்டு நான்தாண்ணே. நீங்க என்ன வேலை பண்றீங்கன்னு ஒரு நாள்கூடக் கேக்கல."

அவர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்தார். "வியாழக்கிழமை சாயங்காலம் வாங்க. நோட்டு வேணாம்."

"நோட்டு இல்லாம எனக்கு மூச்சுவிடவே வராதுண்ணே."

"அப்ப நனைஞ்சா என்னைத் திட்டாதீங்க."

வியாழக்கிழமை மழை ஆற்றுக்குக் குறுக்கே சாய்ந்து வந்தது. தற்காலிக மேடையின் ஓரத்தில், தொளதொளத்த தலைக்கவசத்தோடு நின்றேன். எட்டு மாடி உயர இரும்புத் தூண் ஒன்று தண்ணீரில் நட்டுக்கொண்டு நின்றது. அதன் தலையில் சம்மட்டி மெல்ல ஏறியது. உச்சியில் ஒரு கணம் உலகமே காத்திருந்தது போலிருந்தது. பிறகு விழுந்தது. சத்தம் காதுக்கு வருமுன்பே காலுக்கு வந்துவிட்டது. தூணைச் சுற்றி ஆறு வட்டம் வட்டமாக நடுங்கியது. இவ்வளவு பெரிய ஆறு நடுங்கும் என்று நான் நினைத்ததில்லை. என் பட்டியலில் மூன்றாவது கண்ணெதிரே மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான்காவது முகத்தில் அறைந்தது. ஐந்தாவது, கண்ணாடி அறைக்குள் லீவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நோட்டு கூழாகிவிட்டது. அதை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

சம்மட்டியின் கடைசிப் பத்து அடிக்குமுன் தூணில் ஒரு தாளை ஒட்டினார்கள். ஓர் ஆள் அசையாத சட்டத்தில் கையை ஊன்றி அதில் பென்சிலை வைத்தான். ஒவ்வொரு அடிக்கும் தூண் கீழே இறங்க, தாளில் கோடு ஒரு படி மேலே ஏறியது. படிகள் சிறுத்துக்கொண்டே வந்தன. பத்தாவது, படி என்று சொல்லவே முடியாத அளவு. பாங் அண்ணன் இறங்கி வந்து தாளைக் காட்டினார்.

"இதுக்கு மேல போகாது. அடியில பாறை நம்ம கையைப் பிடிச்சிடுச்சு."

எந்த ஆழத்தில் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். நாற்பத்தொன்று, பாறை, நல்லது என்று மூன்றே சொல்லில் அதே மொழியில் சொன்னார். கண்ணை மூடவில்லை. "சனிக்கிழமையும் இப்படியே சொல்லுங்கண்ணே, அந்த வரியெல்லாம் வேணாம்" என்றேன்.

ஆனாலும் அன்று வீட்டுக்குப் போனதும் பயம் பிடித்துக்கொண்டது. இருபத்திரண்டு வரியையும் பிடுங்கிக்கொண்டு ஒரு மனிதரை வெறுங்கையோடு அனுப்புகிறேனோ?

சனிக்கிழமை தேர்வு அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே பேசுவது கேட்காது. பாங் அண்ணனின் உதடுகள் வணக்கம் ஐயா என்றன, பெயரைச் சொல்லின. இரண்டாவது வரியிலேயே பொறியாளர் கையை உயர்த்தி ஏதோ கேட்டார்.

பாங் அண்ணன் கண்களை மூடினார்.

அந்த மூடிய கண்களை எனக்குத் தெரியும். என் உதடுகளே தானாக முதல் வரியைச் சொல்லின. அவருடையவை அசையவில்லை. கண்ணைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து, தூணில் ஒட்டியிருந்த அந்தத் தாளை மடிப்போடு எடுத்து மேசையில் விரித்தார். முஷ்டியை உயர்த்தினார். உச்சியில் சற்று நிறுத்தினார். மேசைமேல் இறக்கினார். தேநீர் தம்ளர் துள்ளியது. அடுத்தடுத்த அடிகளை நான் எண்ணினேன். பொறியாளர் ஒரு விரலைத் தாளில் கீழ்ப்படியில் வைத்து, ஒவ்வொரு அடிக்கும் ஒரு படியாக ஏற்றினார். ஒன்பதில் அந்த விரல் அரிசியளவு நகர்ந்தது. பத்தில் நகர்ந்ததா என்று தெரியவில்லை. அவர் தாளிலிருந்து தலையைத் தூக்காமல் மறுபடி ஏதோ கேட்டார். பாங் அண்ணன் கண்ணை மூடாமலே வாயைத் திறந்தார்.

தம்ளருக்குள் தேநீர் இன்னும் வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டிருந்தது.