இன்னும் வீட்டுக்கு வராத மாப்பிள்ளை

கல்முனை பசாரில் மீராமுகைதீன் ஹாஜியாரிடம் சாரி வாங்கியவர்களுக்கு அவருடைய ஒரு வழக்கம் தெரியும். யாராவது ஒரு சாரியை இரண்டாம் தரம் தடவிப் பார்த்தால் போதும், அதை மடித்துப் பையில் போட்டுத் தனியாக வைத்துவிடுவார். "உங்களுக்கெண்டு எடுத்து வெச்சாச்சு. ஆறுதலா வந்து கொண்டு போங்க" என்பார். எடுத்து வைத்த சாமானை இன்னொருவர் கேட்க முடியாது. ஒரே மகள் சுல்பிகாவுக்கு மாப்பிள்ளை பிடித்ததும் இந்த முறையில்தான்.

ஜவாத் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளர். சாய்ந்தமருதில் ஒரு பெரிய வீடு அவன்மேல் கண் வைத்திருந்தது. சுல்பிகாவோ கனடா விசாவுக்குக் காத்திருந்தாள். ரொறன்ரோவில் குடியேறிவிட்ட மகன் றிம்சான், வாப்பா, உம்மா, தங்கை மூவரையும் கூப்பிட விண்ணப்பம் போட்டு வருடங்களாகியிருந்தன. விசா எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை அதுவரைக்கும் நிற்கமாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே ஒருநாள் அசர் தொழுகைக்குப் பிறகு, நாலு பேரைப் பள்ளியில் இருத்தி, பேரீச்சம்பழம் பரிமாறி, காவின் எழுதியாயிற்று. நிக்காஹ்வும் பதிவும் அதோடு சரி. விருந்தும், மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்கு அழைத்து வருவதும் பிறகு. இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். வரும்வரை ஊர் அவரை அரை மாப்பிள்ளையாகத்தான் மதிக்கும்.

"றிம்சானிட்டச் சொல்லல்லியா?" என்று மனைவி கேட்டாள்.

"காவின்தானே புள்ள. மாப்பிள்ள இன்னும் வீட்டுக்கு வரல்லியே. விசா வரட்டும், மறுகா சொல்லுவம்."

விசா வந்தது. றிம்சான்தான் போனில் சொன்னான்.

"வாப்பா, பாஸ்போட் அனுப்பச் சொல்லிட்டாங்க! ஒண்டும் மாறல்லதானே? தங்கச்சி அப்பிடியேதானே இரிக்கா?"

"ஓம் மகன். காவின் மட்டும்தான் செஞ்ச."

றிம்சானின் குரல் உயர்ந்தது.

"கலியாணம் முடிச்ச புள்ள உங்கட விசாவுல வரேலாது வாப்பா."

"என்ன கலியாணம்? அவ அவட அறையில இரிக்கா. அவர் அவர்ர உம்மாட சோத்தைத் திண்டுக்கிட்டு மருதமுனையில இரிக்கார்."

"அதெல்லாம் கனடாக்காரனுக்கு விளங்காது. காவின் எழுதின திகதிதான் அவனுக்குக் கலியாணம்."

"சொல்லாம விட்டா?"

"மறைச்சி வந்து இறங்கினா, மறுகா ஜவாத்தைக் கூப்பிடவே ஏலாது. பிடிபட்டா எல்லாரும் திரும்பிப் போக வேண்டி வரும்."

கொஞ்சமாவது இறங்கி வராத வியாபாரியை ஹாஜியார் வாழ்நாளில் பார்த்ததில்லை. கனடா இறங்காது என்று கண்டதும் வேறு வழி தேடினார். காவினை இப்போது பிரிப்பது. சுல்பிகா தனி ஆளாகப் போய் இறங்குவது. ஒரு வருடத்தில் திரும்பி வந்து அதே ஜவாத்துக்குப் புதிதாகக் காவின் எழுதுவது.

"உள்ளதைச் சொல்லி, பிரிஞ்ச கடுதாசியையும் காட்டினா ஒருவேளை விடுவாங்க" என்றான் றிம்சான். "மெடிக்கல் ரிப்போட்டுட தவணை முடியிறதுக்குள்ள வந்து இறங்கணும். ஆனா வாப்பா, இது சாரி இல்ல."

"எனக்குப் படிச்சித் தராத."

கதவுக்குப் பின்னால் நின்று சுல்பிகா எல்லாவற்றையும் கேட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்கு வரவில்லை என்பது உண்மை. ஆனால் அக்கரைப்பற்றில் ஜவாத் வேலை நாட்களில் தங்கும் குவாட்டர்ஸுக்கு அவள் போயிருந்தாள். ஒரு தடவை அல்ல. காவின் எழுதிய புருஷன், ஹராம் ஒன்றுமில்லை. வாப்பாவுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அன்றைக்கே ஜவாத்துக்குக் கோல் எடுத்தாள்.

"நீங்க ஏலாதெண்டு சொல்லுங்களன்."

"மாமா கேக்குறார். நான் எப்பிடி மறுக்கிற? ஒரு வருஷம்தானே."

அவன் கொஞ்சமாவது கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். பிறகு எடுத்தபோதெல்லாம் வேலைத்தலத்தில் நிற்பதாகச் சொன்னான்.

விவாகரத்து மனுவை எடுத்த காதி நீதிமன்றத்துக் காதியார் வழமைப்படி தவணை போட்டார், சேர்த்துவைக்கப் பார்த்தார். சண்டையே இல்லாதவர்களை எப்படிச் சேர்ப்பது என்று அவருக்கே விளங்கவில்லை. கடைசித் தவணையில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒண்டைக் கேக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து இருந்திருந்தா மகள் மூணு மாசமளவு வீட்டோட இத்தா இரிக்கணும். அது முடியிற வரைக்கும் பயணம் போகேலாது. அதுக்குள்ள இவர்ர மனம் மாறினா மகளத் திருப்பி எடுக்கலாம். சேரல்லியெண்டா இத்தாவும் இல்ல, திருப்பி எடுக்கிறதும் இல்ல. இந்த நிமிசத்தோட ரெண்டு பேரும் அன்னியம்."

"சேரல்ல, சேரல்ல!" என்றார் ஹாஜியார். "மாப்பிள்ள எங்கட வாசலையே மிதிக்கல்ல."

"ஹாஜியார், நான் உங்களக் கேக்கல்ல." ஜவாத்தின் பக்கம் திரும்பினார். "தம்பி, சேர்ந்து இருந்தீங்களா?"

"இல்ல" என்றான் ஜவாத்.

யோசிக்கவே இல்லை. சுல்பிகா முகத்தை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். ஓம் என்று சொல்லியிருந்தால் திரும்பி வர அவனுக்கு ஒரு கதவு இருந்திருக்கும். அதை அவனே சாத்தினான். அவளுடைய பயணத்துக்காகவா, தன்னுடைய விடுதலைக்காகவா? அவனோ சுற்றும் மேசை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மகள், நீங்க சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால் காதியாருக்கு முன்னால் அவன் பொய்யனாவான். இத்தா முடியுமுன் மெடிக்கல் முடியும், விசா போகும். வாப்பா பள்ளிக்குத் தலை நிமிர்ந்து போகமாட்டார். இவ்வளவையும் கொடுத்து அவள் திருப்பி வாங்குவது, விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த மனிதனை.

"இல்ல" என்றாள்.

காதியார் எழுதினார். ஆளுக்கு ஆள் கையெழுத்து வைத்தார்கள்.

வெளியே வெயில் கொளுத்தியது. ஹாஜியார் ஜவாத்தின் தோளில் கைபோட்டார். "யோசிக்காதீங்க மருமகன். அடுத்த வருஷம் பெரிய ஹோல் எடுத்து ஜாம் ஜாமெண்டு செய்வம்."

"இன்ஷா அல்லாஹ், ஹாஜியார்" என்றான் ஜவாத்.

மாமா என்று சொல்லவில்லை. ஹாஜியார் அதைக் கவனிக்கவில்லை. வீதியில் வந்த ஓட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். சுல்பிகா கவனித்தாள். ஜவாத் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பி, அவளிருந்த பக்கம் பாராமல் போனான்.

ஓட்டோ ஓடத் தொடங்கியதும் ஹாஜியார் ரொறன்ரோவுக்குக் கோல் எடுத்தார்.

"வேல முடிஞ்சிது மகன். டிக்கட்டைப் போடு. தங்கச்சி இப்ப தனிதான்."