ஆளில்லாத மலை

மலை அழகாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவர் ஸ்டூடியோவுக்கு வந்த வாடிக்கையாளர் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவேன். ஹட்டன் கடைவீதியில் படம் பிடித்துப் பிழைக்கிறவன் வேறு என்ன செய்ய? அந்த அழகு எப்படி வந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதனால் கேட்காமலே சொல்கிறேன்.

என் பெயர் முத்துலிங்கம். பூண்டுலோயாவுக்கு மேலே மானாமலைத் தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்துக் காய்ச்சலில் போய்விட்டார்கள். பூரணி அக்காதான் கொழுந்து பறித்து என்னை ஹட்டனில் படிக்க வைத்தாள். படிப்பு முடிந்ததும் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்து தொழில் கற்றேன். சுதந்திரம் வந்த வருஷம் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரர் தன் கமராவை விற்றுவிட்டுப் போனார். அது என் கைக்கு வந்தது. மேலும் கீழுமாக இரண்டு கண் வைத்த ஜெர்மன் கமரா. அகலமான ஃபிலிம், ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம், ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கும் சதுரம். அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிப்பதில்லை. நெஞ்சுக்குக் கீழே இருக்கும். மேலே திறந்த மூடிக்குள் தலையைக் குனிந்து பார்க்க வேண்டும். மலைப்படம் என்றால் முத்துலிங்கம்தான் என்று ஒரே வருஷத்தில் பேர் வாங்கினேன். அந்தப் பேர்தான் வினை.

1949 ஆடி மாதம் மானாமலைப் பெரிய துரை ஆள் அனுப்பினார். கொழும்பில் இருக்கும் கம்பனி அடுத்த வருஷக் கலண்டருக்குத் தோட்டத்துப் படம் கேட்டிருக்கிறதாம். சீமைக்கெல்லாம் போகிற கலண்டராம். லயத்தில் பிறந்த பயல் துரைக்குப் பக்கத்தில் நடந்து மலையேறப் போகிறேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைச் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

துரை கேட்டது சுத்தமான மலை. தேயிலை இருக்கலாம், மேகம் இருக்கலாம். லயம் தெரியக் கூடாது, ஆட்கள் தெரியக் கூடாது. அன்றைக்கு ஆறாம் நம்பர் மலையில் நாற்பது பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை வேறு மலைக்கு அனுப்பலாமா என்று கணக்கப்பிள்ளை கேட்டதற்கு, கொழுந்து முற்றிவிடும், முடியாது என்றார் துரை. வேலையும் நிற்கக் கூடாது, வேலை செய்கிறவளும் கண்ணில் படக் கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

அந்தச் சிக்கலை அவிழ்த்தவன் நான். என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் வாயைத் திறந்தேன். மேகம் சரியாக வரும்போது கங்காணி ஒரு விசில் ஊதட்டும், பெண்கள் கூடையோடு செடிக்கு அடியில் குந்திவிடட்டும், படம் எடுத்ததும் மறு விசிலுக்கு எழுந்து பறிக்கட்டும் என்றேன். துரை என் தோளைத் தட்டி, கெட்டிக்காரன் என்று இங்கிலீசில் சொன்னார். தட்டிய இடம் இன்றைக்கும் கூசுகிறது.

வீரய்யா கங்காணி விசில் ஊதினார். நாற்பது பெண்களும் இருந்த இடம் தெரியாமல் மறைந்தார்கள். இரவெல்லாம் மழை பெய்து விட்ட காலை அது. செடிக்கடியில் சேறு, சேற்றில் அட்டை. மேகமோ நான் சொன்னபடி கேட்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் பத்து நிமிஷம், கால் மணி என்று அவர்கள் குந்திக் கிடந்தார்கள். காலில் அட்டை ஏறினால் தட்டிவிடக்கூட ஒருத்தியும் அசையவில்லை. பன்னிரண்டு படத்துக்குப் பன்னிரண்டு தடவை. நான் மூன்று கால் ஸ்டாண்டில் கமராவை ஏற்றி, மேகம் எடுப்பாகத் தெரிய மஞ்சள் கண்ணாடி போட்டு, குனிந்து கண்ணாடிக்குள் மலையை ரசித்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது படம்தான் படம். மேகம் மலை உச்சியை விட்டு ஒரு முழம் விலகி நின்றது. வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு செடியையும் தனித்தனியாகக் காட்டியது. ஸ்டூடியோவில் ஃபிலிமைக் கழுவிப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் கண்டேன். கீழ் மூலையில், கமராவுக்கு மிகக் கிட்டத்தில், ஒருத்தி செடிக்கு மேலே தலையை நீட்டி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தலையில் கறுப்புக் கம்பிளி, மூக்கில் மின்னும் மூக்குத்தி. என் அக்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிப் போய் அவளைத் திட்டினேன். மற்ற எல்லாரும் குந்தியிருக்க உனக்கு மட்டும் என்ன வேடிக்கை, இருந்த ஒரே நல்ல படத்தைக் கெடுத்துவிட்டாயே, துரை முன்னால் என் மானம் என்னாவது என்று லயமே கேட்கும்படி கத்தினேன்.

"நீ கமராவோட நிக்கிறதை ஒரு தடவை பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு தம்பி. தெரியாம தூக்கிட்டேன்" என்றாள்.

சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். கெண்டைக்காலில் அட்டை கடித்த இடமெல்லாம் சுண்ணாம்பு தடவியிருந்தாள். அதைப் பார்த்தும் என் கோபம் இறங்கவில்லை. தேத்தண்ணியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அம்மைத் தழும்பு உள்ள முகத்தை மழமழவென்று ஆக்கிக் கொடுப்பது எங்கள் தொழிலில் அன்றாட வேலை. நெகட்டிவுக்கு அடியிலிருந்து வெளிச்சம் விட்டு, ஊசியாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்பினால் தழும்பு போய்விடும். அதே மேசையில், அதே பென்சிலால், நெல்மணி அளவு இருந்த என் அக்காவை இலை இலையாக மூடினேன். முகத்தை மூட ஒரு மணி நேரம், கம்பிளியை மூட இன்னொரு மணி நேரம். மூக்குத்தி மின்னிய புள்ளி நெகட்டிவில் ஏற்கெனவே கறுப்பு; அதற்கு மட்டும் பென்சில் ஒன்றும் செய்யவில்லை. இலையில் நிற்கிற மழைத்துளி என்று நினைத்துக்கொள்வார்கள் என்று விட்டேன்.

கலண்டர் பிரமாதமாக வந்தது. படத்துக்குக் கீழே தோட்டத்தின் பெயரும், இங்கிலீசில் '1949 ஜூலை' என்று படம் எடுத்த மாதமும், கம்பனியின் முத்திரையும் அச்சாகியிருந்தன. ஒன்றை அக்காவிடம் கொடுத்தேன். கெட்டுப்போன படத்தை எறிந்துவிட்டேன், இது வேறு என்று சொல்லிவைத்தேன். வருஷம் முடிந்த பிறகும் அவள் அதைக் கழற்றவில்லை. தம்பி எடுத்த படம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில்தான் குடியுரிமைச் சட்டம் எங்கள் கழுத்துக்கு வந்தது. இந்த மண்ணில் பிறந்தவளைக் கூப்பிட்டு, நீ எப்போது வந்தாய், இடையில் ஒரு வருஷமாவது நாட்டை விட்டுப் போனாயா என்று கேட்கிற சட்டம். எனக்குப் பள்ளிக்கூடச் சான்றிதழ் இருந்தது, ஸ்டூடியோ முதலாளி கடிதம் தந்தார்; அதனால் நான் இந்த நாட்டுக்காரன் ஆனேன். என்னைப் படிக்க வைத்தவள் ஆகவில்லை. அக்காவின் புருஷன் இறந்துபோயிருந்தார். மகள் நாகலெட்சுமியையும் சேர்த்து அவளே மனுப் போட்டிருந்தாள். 1956இல் அவளை நுவரெலியாவுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

எல்லா வருஷத்துக்கும் தோட்டத்துப் பேரேட்டில் அவள் பெயர் இருந்தது. 1949க்கு மட்டும் பேரேடே இல்லை. பேரேடு வைத்திருந்த தோட்டத்துக் கந்தோர்க் கூரை ஒழுகி, நனைந்து மட்கிவிட்டது. ஓட்டை அவர்கள் கூரையில். அதற்கு என் அக்கா பதில் சொல்ல வேண்டும். அந்த வருஷம் நீ இந்தியாவுக்குப் போய்க் கள்ளத்தோணியில் திரும்பி வரவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று முதல் நாள் விசாரணையில் கேட்டிருக்கிறார்கள். லயத்துச் சனங்கள் சாட்சி சொல்லப் போனார்கள். நீங்களே மனுப் போட்டவர்கள், ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொள்கிறீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். 1949இல் பூரணி இந்த மலையில் இருந்தாள் என்று காட்ட வேண்டும். காட்டினால் தாயும் மகளும் தப்பினார்கள். இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் நாடு இல்லை.

அக்கா வந்து இதைச் சொன்னபோது எனக்கு உடனே பொறி தட்டியது. நெகட்டிவ் என் பெட்டியில்தான் கிடந்தது. பஞ்சில் டர்பன்டைன் தொட்டு மூலையைத் துடைத்தேன். பென்சில் கரைந்து வந்தது. கம்பிளி வந்தது, கன்னம் வந்தது, கண் வந்தது. ஏழு வருஷம் இளையவளாக அக்கா செடிக்கு மேலே எழுந்து என்னைப் பார்த்தாள். பெரிய தாளில் அச்சுப் போட்டேன். யார் பார்த்தாலும் பூரணி என்று சொல்வார்கள்.

ஆனால் இது எந்த வருஷம் எடுத்தது என்று கேட்பார்களே? அதற்கும் வழி கண்டுபிடித்தேன். மாதமும் வருஷமும் அச்சாகிய கலண்டர் அக்கா வீட்டுச் சுவரில் தொங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே மேகம், ஒரே வெயில். மேகம் இரண்டு நாள் ஒரே மாதிரி நிற்காது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நானே போய்க் கலண்டரை ஆணியிலிருந்து கழற்றினேன். உன்னைக் காட்டும் படம் ஒன்று இருக்கிறது என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன். பென்சிலைப் பற்றி மூச்சு விடவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவனுக்கு அப்போது அது தெரியாது.

விசாரணை அதிகாரி மரியாதையான மனிதர். அதுதான் இன்னும் எரிகிறது. எங்களை உட்காரச் சொன்னார். நான் இங்கிலீசில் பேசினேன். அக்காவுக்குப் புரியும்படி சொல்ல மொழிபெயர்ப்பாளர் பொன்னையா பக்கத்தில் இருந்தார். அதிகாரி பெரிய படத்தைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார், இவள்தான் என்று ஒத்துக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கலண்டரை விரித்து மேகத்தைக் காட்டினேன். ஒரே நேரத்தில் எடுத்த படம்தான் என்று அதையும் ஒத்துக்கொண்டார். பிறகு அவர் விரல் மெல்லக் கலண்டரின் கீழ் மூலைக்கு இறங்கியது.

"இங்கே யாரும் இல்லையே" என்றார்.

நான்தான் அவளைப் படத்திலிருந்து எடுத்துவிட்டேன், பென்சிலால் மறைத்தேன் என்றேன். நெகட்டிவில் அந்தப் பென்சில் வேலையைக் காட்ட முடியுமா என்று கேட்டார். துடைத்துவிட்டேன் என்றேன். கலண்டரில் மூக்குத்திப் புள்ளியைத் தேடிப் பிடித்து, இதைப் பாருங்கள், இது என் அக்காவின் மூக்குத்தி என்று காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை வாங்கி நிதானமாகப் பார்த்தார். அச்சடித்த படம் முழுக்கவே புள்ளிதானே, இதில் எது மூக்குத்தி என்றார்.

"மிஸ்டர் முத்துலிங்கம், கம்பனி வருஷம் போட்டு அச்சடித்த தாளில் ஆளில்லை. நீங்கள் போன வாரம் கழுவிய தாளில் ஆள் இருக்கிறாள். எடுக்கத் தெரிந்த கைக்கு வைக்கவும் தெரியும் அல்லவா?"

நெகட்டிவை நீட்டினேன். தனக்கு அதெல்லாம் விளங்காது என்று கையால் தள்ளினார். மேசையை ஓங்கிக் குத்தினேன். மலையில் ஆளில்லை என்றால் கொழுந்தை யார் பறித்தது, மேகமா வந்து பறித்தது என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. கோப்பை மூடிவிட்டு, நடந்ததை மனுதாரருக்குச் சொல்லும்படி பொன்னையாவிடம் சொன்னார்.

பொன்னையா அக்கா பக்கம் திரும்பினார். "அம்மா, படத்துல மொதல்ல நீங்க இருந்தீங்களாம். ஒங்க தம்பிதான் ஒங்களை அழிச்சாராம். இப்ப திரும்பக் கொண்டாந்தேன்னு சொல்றாரு. ஐயா அதை ஏத்துக்கலை."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். எனக்குத் துரை மேல் கோபம், கம்பனி மேல் கோபம், கூரையைக்கூட ஒழுங்காக வேயத் தெரியாத கந்தோர் மேல் கோபம், அந்த மரியாதைக்கார அதிகாரியின் சட்டையைப் பிடிக்காமல் வந்தேனே என்று என் கைகள் மேல் கோபம். அவள் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கடைசியில் கேட்டாள்.

"அப்ப அந்தப் படம் கெட்டுப்போகலையா?"

இல்லை என்றேன்.

"நான்தான் கெடுத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் தம்பி. ஒன்னோட மொதப் பெரிய வேலையில மண்ணள்ளிப் போட்டுட்டேனேன்னு. ஏழு வருஷமா அந்தச் செவுத்தைப் பாக்கிறப்பெல்லாம் அந்த நெனப்புதான்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். என் கையிலிருந்த பெரிய படத்தை வாங்கி, முந்தானையால் ஒரு தடவை துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கலண்டரைச் சுருட்டி என்னிடம் நீட்டினாள்.

"இதுலதான் நான் இல்லையே. நீயே கொண்டுபோய் மாட்டிக்க."

மனு தள்ளுபடி என்று மறுமாதம் கடிதம் வந்தது. கலண்டரை நான் ஸ்டூடியோவில் மாட்டியிருக்கிறேன், வாசலுக்கு நேரே, உள்ளே வருகிறவர்களின் கண்ணில் முதலில் படும்படி. மலை அழகாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள்.