தவறான பயன்பாடு

எங்கள் கம்பெனி வராந்தாவில் என் போட்டோ ஒன்று தொங்குகிறது. கையில் கட்டைவிரல் அளவில் மூடி மாட்டிய ஒரு அடாப்டர், முகத்தில் இளிப்பு. அந்த இளிப்பைப் பார்த்தாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடாப்டர் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் கெட்டுப்போன சிலருக்கு வயிற்றில் ஒரு மெல்லிய குழாயை வைத்து, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ள வழி செய்கிறார்கள். வெளியே தொங்கும் குழாயின் நுனியில் அடாப்டர், அதற்கு ஒரு மூடி. நாளைக்கு நான்கு தடவை மூடியைத் திருகிக் கழற்றி, மருந்துத் தண்ணீர்ப் பையை மாட்டி, தண்ணீரை இறக்கி ஏற்றி, புது மூடியைப் போட வேண்டும். துண்டு துண்டாக மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் இந்தக் குழாயின் பெருமை. கிருமி நுழைவதும் அந்தத் துண்டுகள் சேரும் இடத்தில்தான்.

பழைய மூடி தூக்கத்தில் தளர்ந்துவிடுகிறது என்று புகார் வந்தது. திருத்தும் வேலை என் தலையில் விழுந்தது. மரையை மாற்றினேன். கடைசிச் சுற்றில் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும்படி செய்தேன். பிடித்துத் திருக இரண்டு பக்கமும் சின்னதாகக் காது வைத்தேன். மெஷினில் ஆயிரம் தடவை திறந்து மூடினோம். பிறகு ஆபீஸில் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னோம். யாருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை, பாதிப் பேர் சாயங்காலமானால் ஜிம்முக்குப் போகிறவர்கள். பன்னிரண்டு பேரும் திறந்தார்கள். மூடி தளர்கிறது என்ற புகார் அடியோடு நின்றது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வராந்தாவில் தொங்கும் போட்டோ அப்போது எடுத்ததுதான்.

முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குத்தான் ஓடினேன். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சர்க்கரை அவள் சிறுநீரகத்தைத் தின்று, வயிற்றில் அந்தக் குழாய் வைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வாய் மட்டும் குறையவில்லை.

"என்னடி, தங்க மூடியா? இவ்வளவு பவ்யமா கொண்டு வர்றே?"

"உன்னை நினைச்சுத்தான்க்கா பண்ணினேன். இனிமே பயமில்லாம தூங்கு."

"கடைசில என் வயித்துக்கே பூட்டு போட்டுட்டே!" என்று சிரித்தாள்.

சில மாதங்களில் வேறு புகார்கள் வர ஆரம்பித்தன. கிருமி தொற்றியவர்களின் மூடிகளைப் பையில் போட்டு எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். காதுகள் நசுங்கியிருந்தன, சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருந்தன. "என்ன இது, நாய் கடிச்சதா?" என்றான் பக்கத்து மேஜைக்காரன். "பசி தாங்கல போல" என்றேன் நான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் 'தவறான பயன்பாடு' என்று போட்டுக் கையெழுத்திட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பதிலாகப் போவதும் அதுதான். இப்படிப் பதினொரு படிவம். யாருக்காவது போன் போட்டு எப்படித் திறக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. கேட்டிருந்தால் என்ன, வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?

அதற்குள் அக்காவுக்கும் இரண்டு தடவை வயிற்றில் கிருமி வந்துவிட்டது. இன்னொரு தடவை வந்தால் குழாயை எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். குழாய் போனால் வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டும். பள்ளிக்கூடம் போச்சு. அக்காவுக்கு அந்த வகுப்பறைதான் உயிர். மத்தியான இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் பின்னால் பையை மாற்றிக்கொண்டு, மணி அடித்ததும் போர்டு முன்னால் வந்து நிற்கிற மனுஷி அவள்.

"ஒழுங்கா கை கழுவுறியா?" என்று நான் அவளைத்தான் பிடித்துத் திட்டினேன்.

"கழுவுறேன்டி."

"மாஸ்க்?"

"போடறேன், போலீஸ்காரி."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சொல்லாமல் போனேன். படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அக்கா கட்டில் விளிம்பில் உடம்பை மடக்கிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாஸ்க் தாடைக்குக் கீழே கிடந்தது. மூடியின் காதைப் பல்லால் கடித்துக்கொண்டு, குழாயை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா!"

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "கதவைத் தட்டிட்டு வரமாட்டியா?"

"பைத்தியமா உனக்கு? வாயில எவ்வளவு கிருமி இருக்கும்னு தெரியாதா?"

விரல்களை விரித்து என் முன்னால் நீட்டினாள். "இதுல உணர்ச்சியே இல்லடி. சர்க்கரைல மரத்துப் போயிடுச்சு. சாக்பீஸே நழுவுது. பழைய மூடின்னா எப்படியோ தள்ளித் திறந்துடுவேன். இது அசைய மாட்டேங்குது."

"மாமாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அவர் வேலைக்குப் போயிடறார். பள்ளிக்கூடத்துல யாரைக் கூப்பிடறது?"

"சரி, என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? பெட்டியைக் கொண்டு வந்தியே, அன்னிக்கு உன் மூஞ்சியில எவ்வளவு சந்தோஷம். உனக்குக் கல்யாணம் ஆனப்பகூட நீ அப்படிச் சிரிச்சதில்ல. போகப்போகப் பழகிடும்னு நினைச்சேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அறைந்திருப்பேன். அறை வாங்க வேண்டியது நான்தான் என்பது புரியாமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமையே லேபைத் திறந்து, மூடியின் மேல் மாட்டி உள்ளங்கையால் திருகுகிற மாதிரி ஒரு சக்கரம் செய்தேன். ஒரு நாள் வேலை. ஒரே ஒரு நாள்! திங்கட்கிழமை காலை அதை மேனேஜர் மேஜையில் வைத்தேன். எதற்கெடுத்தாலும் 'பாக்கலாம்' என்பதால் ஆபீஸில் அவருக்குப் பெயரே பாக்கலாம்.

"நல்லாத்தான் இருக்கு. பாக்கலாம்."

"பாக்கலாம் இல்ல சார். பதினோரு பேர் பல்லால கடிச்சுத் திறந்திருக்காங்க. தப்பு நம்ம டிசைன்ல."

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "பதினொண்ணும் தவறான பயன்பாடுன்னு முடிச்சிருக்கு. யார் கையெழுத்து மேடம் இது?"

கையெழுத்து என்னுடையது. அவர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"டிசைனை மாத்தினா மறுபடி அனுமதி வாங்கணும். ஒண்ணரை வருஷம் இழுக்கும். விளக்கத் தாள்ல ஒரு வரி சேர்த்துடலாம், பல்லால் திறக்கக் கூடாதுன்னு. படம்கூடப் போட்டுடலாம்."

"விரல் வேலை செய்யாதவங்க வேற எதால திறப்பாங்க?"

"அதை அவங்க வீட்டு ஆளுங்க பாத்துப்பாங்க."

சக்கரத்தைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. மாமாவுக்குப் போன் போட்டேன். "காலைல பையில இறங்கின தண்ணி கலங்கலா இருந்துச்சும்மா. காய்ச்சல் வேற. அட்மிட் பண்ணிட்டோம்" என்றார். மூன்றாவது தடவை. மருந்துக்குக் கட்டுப்படவில்லை. வெள்ளிக்கிழமை குழாயை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் அக்கா பெயரில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புகார்ப் படிவம் நேரே என் கம்ப்யூட்டருக்கு வந்தது. நோயாளி சொன்னது என்ற இடத்தில் இப்படி இருந்தது: 'மூடியைப் பல்லால் திறந்தேன். தவறு என்னுடையது.' படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷத்துக்காக என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

வார்டில் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கழுத்தோரம் மெஷினுக்காகப் புதிதாக ஒரு குழாய் வைத்துத் தைத்திருந்தார்கள். நான் உட்கார்ந்ததும், "என் வகுப்பை வேற டீச்சருக்குக் கொடுத்துட்டாங்க" என்றாள்.

"எதுக்குக்கா தப்பு உன்னோடதுன்னு எழுதச் சொன்னே?"

"பல்லால திறந்தது நான்தானே? உன் சாமானைக் குறை சொன்னா உன் வேலைக்கு ஏதாவது ஆயிடாதா?"

"மாத்திச் சொல்லுக்கா. மூடி ரொம்ப இறுக்கம், திறக்க முடியலன்னு சொல்லு. நோயாளி சொன்னாத்தான் அவங்க காதுல ஏறும்."

"இறுக்கம்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப நீ எழுது. அதுக்கு என்னை எதுக்கு இழுக்கறே?"

குழாயை இழந்து படுத்திருப்பவளிடம், நான் செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்லி வந்து நிற்கிறேன்.

மெஷின் அறைக்கு அழைத்துப் போக நர்ஸ் சக்கர நாற்காலியோடு வந்தாள். "தங்கச்சியா? அதே ஜாடை" என்றாள்.

"ஆமா சிஸ்டர். அந்தக் குழாய் மூடியெல்லாம் டிசைன் பண்றது இவதான்" என்றாள் அக்கா. அவள் குரலில் பெருமை இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நர்ஸ் முகம் மலர்ந்துவிட்டது. "நிஜமாவா மேடம்? நல்லவேளை, ஆள் கிடைச்சீங்க. அதைக் கொஞ்சம் லேசா பண்ணுங்களேன். எங்களுக்கே கை வலிக்குது. வயசானவங்க பாதிப் பேர் வீட்டுல பல்லை வச்சுத்தான் திறக்கறாங்க."

"எங்களுக்கு எழுதியிருக்கலாமே" என்றேன்.

"எழுதினோமே! ரெண்டு தடவை எழுதினோம். உங்க நோயாளிங்கதான் தப்பா திறக்கறாங்கன்னு பதில் வந்துச்சு."

அக்காவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, கால்களைப் பலகையில் எடுத்து வைத்தாள் நர்ஸ். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பதில் நீ போட்டதாடி?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.